சம்பளத் தாளுக்குப் பின்னால்: நிரலாளர் எந்த வகை நிறுவனத்தில் சேருவது?

இரண்டு நிறுவனங்களிடமிருந்து வேலைக் கடிதம் வந்துவிட்ட பிறகு திகைப்பவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "ஒன்றில் சம்பளம் கூடுதல், இன்னொன்றின் பெயர் பெரிது. எதை எடுத்துக்கொள்ளட்டும்?" சம்பளமும் பெயரும் கடிதத்தின் முதல் பக்கத்திலேயே அச்சாகியிருப்பதால் கண் அவற்றிலேயே நின்றுவிடுகிறது. மூன்று ஆண்டுகள் கழித்து நீங்கள் எப்படிப்பட்ட நிரலாளராக இருப்பீர்கள் என்பதை முடிவுசெய்யும் சங்கதிகள் எந்தப் பக்கத்திலும் அச்சாவதில்லை. நீங்கள் எழுதிய நிரல் வெளியே போய் என்ன செய்தது என்ற செய்தி உங்களிடம் எவ்வளவு சீக்கிரம் வந்து சேருகிறது? வந்த செய்தி கெட்டதாக இருந்தால் உங்களுக்கு என்ன நேர்கிறது? ஒப்பிடும்போது இந்த இரண்டையும்தான் நான் முதலில் வைப்பேன். சம்பளம் அதற்குப் பிறகு.

கடனும் குடும்பப் பொறுப்பும் அழுத்துபவருக்குச் சம்பளமே முதலாவதாக இருக்கலாம். அதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. அந்தக் கூடுதல் சம்பளத்துக்கு ஈடாக எதை விட்டுக்கொடுக்கிறோம் என்பது முன்கூட்டியே தெரிந்திருந்தால் பிறகு மனம் கசக்காது, அவ்வளவுதான்.

ஒப்பிட எடுத்துக்கொண்டவை ஐந்து: வாடிக்கையாளர்களுக்குத் திட்டங்களைச் செய்துகொடுக்கும் சேவை நிறுவனம்; சொந்த மென்பொருளை விற்கும் பெரிய நிறுவனம்; ஸ்டார்ட்அப்; வங்கி, மருத்துவமனை, தொழிற்சாலை போன்றவற்றின் உள் ஐ.டி. பிரிவு; தனியாளாக எடுத்துச் செய்யும் ஒப்பந்தப் பணி. வீட்டிலிருந்து வேலையா, அலுவலகத்துக்குப் போவதா என்பதைத் தனியாக எடுக்கவில்லை. ஐந்து வகைகளிலும் இரண்டும் உண்டு.

## எதை வைத்து அளப்பது

விளைவின் தூரம். அமேசானின் தலைமைத் தொழில்நுட்ப அதிகாரி வெர்னர் வோகல்ஸ் 2006-ல் ஒரு நேர்காணலில் தங்கள் வழக்கத்தை விளக்கினார்: ஒரு சேவையைக் கட்டிய குழுவே அதை இயக்கவும் வேண்டும். நள்ளிரவில் சர்வர் படுத்துவிட்டால், அதை எழுதியவரின் தொலைபேசிதான் ஒலிக்கும். கேட்கக் கொடுமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்படி இரண்டு முறை எழுப்பப்பட்டவர் அடுத்து எழுதும் நிரலைப் பாருங்கள். பிழைச் செய்திகள் புரியும்படி இருக்கும். மென்பொருள் இயங்கும்போது எழுதிவைக்கும் பதிவுகளில் தேவையான விவரம் இருக்கும். "இது எப்படியும் நடக்காது" என்று விட்டுவைத்த மூலைகள் குறைந்திருக்கும். நிரலை எழுதி இன்னொரு குழுவிடம் ஒப்படைத்துவிட்டு அடுத்த திட்டத்துக்குப் போய்விடுபவருக்கு இந்தப் பாடம் பத்து ஆண்டுகள் ஆனாலும் கிடைப்பதில்லை.

பிழை செய்தவரின் கதி. 2017 ஜனவரி 31 அன்று, நிரல்களைச் சேமித்து வைக்கும் தளத்தை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் இரவு வெகுநேரம் பணியாற்றிக்கொண்டிருந்த ஒரு பொறியாளர், துணைத் தரவுத்தளம் என்று நினைத்து முதன்மைத் தரவுத்தளத்தின் கோப்புகளை அழித்துவிட்டார். ஏறத்தாழ 300 ஜிபி இருந்த இடத்தில் நாலரை ஜிபி மிஞ்சியது. காப்புப் பிரதி எடுப்பதற்கென வைத்திருந்த ஏற்பாடுகள் எவையும் ஒழுங்காக இயங்கவில்லை என்பது அப்போதுதான் தெரியவந்தது. ஆறு மணி நேரத்துக்கு முன் வேறொரு வேலைக்காக எடுத்து வைத்திருந்த பிரதி ஒன்று காப்பாற்றியது. நிறுவனம் மீட்புப் பணியை யூடியூபில் நேரலையாகக் காட்டியது. நடந்ததை முழுமையாக எழுதிப் பொதுவில் வைத்தது. அந்தப் பொறியாளரை வேலையிலிருந்து நீக்கவில்லை. விரல் தவறியது யாருடையது என்ற கேள்வியைவிட, காப்புப் பிரதிகள் இயங்கவில்லை என்பது இத்தனை நாள் யாருக்கும் ஏன் தெரியவில்லை என்ற கேள்வி அங்கே பெரிதாகக் கேட்கப்பட்டது.

இதற்கு நேர்மாறான அலுவலகத்தில் பிழைகள் குறைவாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். வெளியே தெரியும் பிழைகள்தான் குறைவாக இருக்கும். ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் 1990-களில் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது, நன்றாக இயங்கும் குழுக்களில் மருந்துப் பிழைகள் கூடுதலாகப் பதிவாகியிருப்பதைக் கண்டு குழம்பினார். அந்தக் குழுக்கள் தவறுகளை மறைக்காமல் பேசின என்பதே அதற்கு அவர் கண்ட விளக்கம். நிரலாளர்களுக்கு இது அப்படியே பொருந்தும். "எங்களிடம் பெரிதாக எந்தக் கோளாறும் நடந்ததில்லை" என்று ஒரு மேலாளர் பெருமையாகச் சொன்னால் நான் சற்று எச்சரிக்கையாகிவிடுவேன்.

நிரலைப் படிப்பவர். உங்களைவிடத் தேர்ந்த ஒருவர் நீங்கள் எழுதியதை வரிவரியாகப் படித்து, ஏன் இப்படி என்று கேட்கிறாரா? நிரலை எழுதித்தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்த பிறகு இந்த அளவுகோலின் எடை கூடிவிட்டது. எழுதுவது மலிவாகிவிட்ட நிலையில், எழுதப்பட்டது சரியா என்று பார்க்கத் தெரிந்தவரின் அருகில் உட்காருவது முன்பைவிட முக்கியம்.

பணத்தின் உறுதி. மொத்தத் தொகை எவ்வளவு என்பதைவிட, அதில் மாதந்தோறும் வங்கிக்கு வருவது எவ்வளவு, பங்காகவும் ஊக்கத்தொகையாகவும் தொங்கிக்கொண்டிருப்பது எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள்.

கதவு. விலகும்போது எதைக் கொண்டு போவீர்கள், விலக எவ்வளவு காலம் ஆகும், விலகிய பிறகு போட்டி நிறுவனத்தில் சேரத் தடை உண்டா.

அவசரக்காரர்களுக்காக அட்டவணை முதலில். இதில் ஒவ்வொரு கட்டத்துக்கும் விலக்கு உண்டு. அவற்றைக் கீழே பார்க்கலாம்.

| வகை | விளைவு தெரியும் வேகம் | நிரலைப் படிப்பவர் | பணத்தின் உறுதி | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|
| சேவை நிறுவனம் | மெதுவு. பல நேரம் தெரிவதே இல்லை | திட்டத்தைப் பொறுத்தது | உறுதி, ஆனால் மெல்ல உயரும் | தொழில்நுட்பத்தை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது |
| பெரிய மென்பொருள் நிறுவனம் | நடுத்தரம் | கட்டாயம் உண்டு | நல்ல உறுதி. ஒரு பகுதி பங்குகளில் | வெளியே செல்லாத உள் கருவிகளில் தேர்ச்சி |
| ஸ்டார்ட்அப் | உடனடி | பெரும்பாலும் இல்லை | குறைவு | பங்குகளின் உண்மை மதிப்பு |
| உள் ஐ.டி. பிரிவு | விரைவு. பயன்படுத்துபவர் அதே நிறுவனத்தில் இருக்கிறார் | அரிது | உறுதி | செலவுக் கணக்கில் எழுதப்படும் துறை |
| தனியாள் பணி | உடனடி | யாருமில்லை | நிலையற்றது | கூலி கிடைக்காத உழைப்பு |

## சேவை நிறுவனம்

கணினிப் பட்டம் இல்லாமல் வேறு துறையிலிருந்து வருபவர்களையும் அனுபவமில்லாதவர்களையும் பெரும் எண்ணிக்கையில் எடுத்துப் பயிற்சி கொடுப்பவை இந்த நிறுவனங்கள்தான். இதை ஏளனமாகப் பேசுவது நிரலாளர்களிடையே ஒரு வழக்கமாகிவிட்டது. ஏளனம் செய்பவர்களில் பலர் முதல் வேலையை அங்கேதான் பெற்றார்கள்.

சிக்கல் வருமானம் வரும் வழியில் இருக்கிறது. பெரும்பாலான ஒப்பந்தங்களில் ஆட்களின் எண்ணிக்கைக்கோ மணிக்கணக்குக்கோ பணம் வருகிறது. காலம் கடந்துபோன மென்பொருள் திட்டத்தில் ஆட்களைச் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்று கணினி அறிஞர் பிரெட் புரூக்ஸ் 1975-லேயே எழுதிவிட்டார். புதிதாக வருபவருக்கு விளக்க ஏற்கெனவே இருப்பவர் வேலையை நிறுத்த வேண்டும். ஆட்கள் கூடக் கூட ஒருவரோடொருவர் பேச வேண்டிய தடங்கள் பெருகும். தலைக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கும் இடத்தில், இந்த உண்மையை அறிந்தவரும் ஆட்களைச் சேர்க்கவே தூண்டப்படுகிறார். அங்கே நிலவும் கெடுபிடி, நேரக் கணக்கு நிரப்பும் தொல்லை, திட்டங்களுக்கிடையே பெஞ்சில் காத்திருக்கும்போது வரும் பதற்றம் எல்லாம் இந்த ஒரு வேரிலிருந்து முளைப்பவை. மேலாளரின் குணத்தைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

மறைந்திருக்கும் செலவு, உங்கள் தொழில்நுட்பத்தை வாடிக்கையாளர் தேர்ந்தெடுக்கிறார் என்பது. அவருடைய பழைய கருவி ஒன்றில் மூன்று ஆண்டுகள் பராமரிப்பு வேலை செய்தபின் உங்கள் அனுபவம் எண்ணிக்கையில் மூன்று ஆண்டுகள்; நேர்காணலில் எடுத்துச் சொல்லத்தக்கது எட்டு மாதங்கள் தேறலாம். அதோடு, நீங்கள் எழுதியது உண்மையில் இயங்கும் சர்வரை உங்களால் பார்க்கவே முடியாத திட்டங்களும் உண்டு. பாதுகாப்பு விதிகள் அப்படி. முதல் அளவுகோல் அங்கே முற்றிலும் தோற்கிறது.

இங்கே நிறுவனத்தின் பெயரைவிடத் திட்டத்தின் பெயர் பெரிது. ஒரே கட்டடத்தில் ஒரு குழு வாடிக்கையாளரின் பொறியாளர்களோடு தினமும் பேசி, நிரலை மீளாய்வு செய்து, தானே வெளியிட்டுக்கொண்டிருக்கும். பக்கத்து அறையில் இன்னொரு குழு டிக்கெட்டுகளை, அதாவது பதிவான கோரிக்கைகளை, முடித்து மூடும் எண்ணிக்கையால் மட்டும் அளக்கப்படும். ஆகவே சேரும் முன் எந்தத் திட்டம் என்று கேளுங்கள். பதில் கிடைக்காவிட்டால், சேர்ந்து ஓராண்டுக்குப் பிறகு திட்டம் மாற விதி இருக்கிறதா என்றாவது கேளுங்கள்.

முதல் வேலை தேடுபவர், வேறு துறையிலிருந்து மாறுபவர், வாடிக்கையாளரோடு பேசி அவர் சொல்லாததையும் புரிந்துகொள்ளும் திறனை வளர்க்க விரும்புபவர் ஆகியோருக்கு இது நல்ல தேர்வு. கடைசியாகச் சொன்ன திறன் பெரிய மென்பொருள் நிறுவனத்தில் பத்து ஆண்டுகள் இருந்தவரிடமும் பல நேரம் இருப்பதில்லை.

## பெரிய மென்பொருள் நிறுவனம்

நிரல் எழுதும் ஒழுக்கத்தைக் கற்க இதைவிட நல்ல இடம் குறைவு. எந்த மாற்றமும் இன்னொருவர் படித்து ஒப்புதல் தராமல் உள்ளே போகாது. தானியங்கிச் சோதனைகள் இருக்கும். கோளாறு நடந்தபின் யாரையும் குற்றம் சாட்டாமல் போஸ்ட்மார்ட்டம், அதாவது நடந்ததை ஆராயும் அறிக்கை, எழுதும் வழக்கம் இருக்கும். கூகுளின் இயக்கப் பொறியாளர் குழுக்களில், தானியங்கியாக்காமல் திரும்பத் திரும்பச் செய்யும் அன்றாடக் கைவேலை ஒருவரின் நேரத்தில் 50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று எழுதப்பட்ட வரம்பே உண்டு. மீதி நேரம் அந்தக் கைவேலையை ஒழிக்கும் கருவிகளைக் கட்டுவதற்கு. இப்படி ஒரு வரம்பை எழுதி வைக்கும் வசதி சிறிய இடங்களுக்கு வாய்ப்பதில்லை.

ஆள் மேலாண்மைக்குப் போகாமலேயே தொழில்நுட்ப ஏணியில் உயர வழி இருப்பதும் இங்கேதான் அதிகம். நல்ல நிரலாளரை மோசமான மேலாளராக்கும் பழைய நோய்க்கு இது ஓரளவு மருந்து.

இனி செலவுகள். கணினி அறிஞர் மெல்வின் கான்வே 1968-ல் வெளியான கட்டுரையில், ஒரு நிறுவனம் வடிவமைக்கும் அமைப்பு அந்த நிறுவனத்தினர் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் தடங்களின் நகலாகவே அமையும் என்று சொன்னார். ஆயிரக்கணக்கானோர் வேலை செய்யும் இடத்தில் இதன் பொருள், ஒரு பொத்தானை இடம் மாற்ற நான்கு குழுக்களின் ஒப்புதல் தேவைப்படும் என்பது. உங்கள் நாளில் பாதி நிரலுக்கு வெளியே, ஆவணங்களிலும் கூட்டங்களிலும் போகும். சிலருக்கு இது கல்வி, சிலருக்கு மூச்சுமுட்டல்.

கருவிகளும் அவர்களுடையவை. நிரலைச் சேமிக்கும் முறை முதல் வெளியிடும் முறை வரை எல்லாம் உள்ளேயே கட்டப்பட்டிருக்கும் இடத்தில் ஐந்து ஆண்டுகள் இருந்துவிட்டு வெளியே வருபவர், அடிப்படைக் கருவிகளை மறுபடி கற்க நேர்கிறது. கற்றுவிடலாம்தான். அந்த நிறுவனத்தின் சம்பளத்துக்கு அதற்குள் வாழ்க்கை பழகிவிட்டிருப்பதே பெரிய தடை.

மதிப்பீட்டு முறையைக் கட்டாயம் விசாரியுங்கள். ஜாக் வெல்ச் தலைமை நிர்வாகியாக இருந்த காலத்து ஜெனரல் எலக்ட்ரிக் ஊழியர்களை மேல் 20, நடு 70, கீழ் 10 சதவீதம் என்று பிரித்தது; கீழ்ப் பத்தில் விழுந்தவர் வெளியேற வேண்டியதுதான். மைக்ரோசாஃப்ட்டும் ஊழியர்களைக் கட்டாயமாகத் தரவரிசைப்படுத்தும் ஒரு முறையை வைத்திருந்து 2013 நவம்பரில் கைவிட்டது. பெயரை மாற்றிக்கொண்டு அந்த வழக்கம் இன்னும் பல இடங்களில் உயிரோடு இருக்கிறது. ஒவ்வொரு குழுவிலும் யாராவது ஒருவர் தேறாதவர் என்று எழுதியாக வேண்டும் என்றால், பக்கத்து இருக்கைக்காரருக்கு உதவுவது உங்களுக்கு நட்டமாகிவிடும். நல்லவர்களைக்கூட அந்தக் கணக்கு மாற்றிவிடுகிறது.

பெரிய பெயர் பாதுகாப்பைத் தரும் என்ற நம்பிக்கையும் தளர்ந்திருக்கிறது. மெட்டா 2022 நவம்பரில் 11,000 பேரையும் கூகுள் 2023 ஜனவரியில் ஏறத்தாழ 12,000 பேரையும் நீக்குவதாக அறிவித்தன. அலுவலக மின்னஞ்சல் போன்ற கணக்குக்குள் நுழைய முடியாதபோதுதான் வேலை போனதைச் சிலர் அறிந்தார்கள். ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும்: பெரிய நிறுவனம் ஆட்களை நீக்கும்போது சில மாதச் சம்பளமாவது கொடுத்து அனுப்புகிறது. பணம் தீர்ந்துபோன சிறிய நிறுவனத்தில் கடைசி மாதச் சம்பளமே சந்தேகத்துக்குரியது.

இரண்டு முதல் ஐந்து ஆண்டு அனுபவத்தோடு, நல்ல பழக்கங்கள் படியாமலே வேகமாக எழுதக் கற்றுவிட்டவருக்கு இதுவே என் முதல் பரிந்துரை.

## ஸ்டார்ட்அப்

காலையில் எழுதியது மாலையில் வாடிக்கையாளர் கையில் இருக்கும். அவர் திட்டினால் அந்தத் திட்டு நேராக உங்கள் காதில் விழும். விளைவின் தூரம் என்ற அளவுகோலில் இதை மிஞ்ச எதுவுமில்லை. தரவுத்தளம், திரை, சர்வர் அமைப்பு, வாடிக்கையாளர் தொலைபேசி என்று எல்லாவற்றையும் தொட வேண்டியிருப்பதால் முழுப் படமும் சீக்கிரம் பிடிபடும். ஆனால் உங்கள் நிரலைப் படித்துத் திருத்த யாருக்கும் நேரமில்லை. தவறான வழியில் வேகமாகத் தேர்ச்சி பெறுவதும் நடக்கும்.

பண்பாடு என்று இங்கே தனியாக ஒன்றும் இல்லை. நிறுவனரின் குணமே பண்பாடு. அவர் இரவு இரண்டு மணிக்குச் செய்தி அனுப்பி உடனே பதில் எதிர்பார்ப்பவர் என்றால், சுவரில் எழுதி வைத்திருக்கும் விழுமியங்களுக்கு ஒரு பொருளும் இல்லை. பதவிப் பெயர்களே இல்லாத சமத்துவ அலுவலகம் என்று சொல்லப்பட்டால் கூடுதலாக விசாரியுங்கள். அதிகாரம் எழுதப்படாத இடத்தில் அது நிறுவனரின் பழைய நண்பர்களிடம் சத்தமில்லாமல் குவிந்திருக்கும்.

பணக் கணக்குதான் இங்கே ஏமாற்றக்கூடியது, அதனால் சற்று நின்று பார்க்கலாம். குறைந்த சம்பளத்துக்கு ஈடாகப் பங்கு வாங்கும் உரிமை, அதாவது ஸ்டாக் ஆப்ஷன் தருவார்கள். வழக்கமான ஏற்பாட்டில் அது நான்கு ஆண்டுகளில் சிறுகச் சிறுக உங்களுடையதாகும். முதல் ஆண்டு முடியும் முன் விலகினால் ஒன்றும் கிடைக்காது. உங்களுடையதான பிறகும் அது பங்கு அல்ல, குறித்த விலைக்குப் பங்கை வாங்கும் உரிமைதான். வேலையைவிட்டு விலகினால் பல ஒப்பந்தங்களில் 90 நாட்களுக்குள் சொந்தப் பணம் போட்டு வாங்க வேண்டும். இல்லையேல் உரிமை காலாவதியாகிவிடும். விற்க முடியாத ஒரு பங்குக்குச் சேமிப்பைக் கொட்டுவதா, நான்கு ஆண்டு உழைப்பின் ஒரு பகுதியைக் கைவிடுவதா என்று மூன்று மாதத்தில் முடிவுசெய்தாக வேண்டும்.

அடுத்து, வரிசை. முதலீட்டாளர்கள் வைத்திருப்பது முன்னுரிமைப் பங்கு. நிறுவனம் விற்கப்பட்டால் அவர்கள் போட்ட பணம் முதலில் வெளியேறும். மிஞ்சியதுதான் ஊழியர்களின் சாதாரணப் பங்குக்கு. 100 கோடி டாலருக்கு மேல் மதிப்பிடப்பட்டிருந்த குட் டெக்னாலஜி நிறுவனத்தை 2015-ல் பிளாக்பெர்ரி 42.5 கோடி டாலருக்கு வாங்கியது. முன்னுரிமைப் பங்குக்கு ஏறத்தாழ 3 டாலர் கிடைத்தபோது ஊழியர்களின் பங்குக்குக் கிடைத்தது 44 சென்ட். முன்பிருந்த உயர்ந்த மதிப்பின்படி வரி கட்டியிருந்த ஊழியர்களும் அவர்களில் இருந்தார்கள். இதற்கு எதிர்க்கதையும் உண்மையே: 2014-ல் 55 ஊழியர்களோடு இருந்த வாட்ஸ்அப்பை ஃபேஸ்புக் 1,900 கோடி டாலருக்கு வாங்க ஒப்புக்கொண்டது. ஆள் எடுக்கும்போது சொல்லப்படுவது எந்தக் கதை என்று சொல்லத் தேவையில்லை.

எத்தனை பங்குகள் என்ற எண்ணிக்கையில் மயங்க வேண்டாம். 10,000 பங்கு என்பது மொத்தம் ஒரு லட்சத்தில் பத்தாயிரமா, பத்துக் கோடியில் பத்தாயிரமா என்பதே கேள்வி. மொத்தப் பங்குகள் எத்தனை, இதுவரை திரட்டிய முதலீடு எவ்வளவு, விலகிய பிறகு வாங்க எத்தனை நாள் அவகாசம், கையிருப்புப் பணம் எத்தனை மாதங்களுக்கு வரும் ஆகிய நான்கையும் கேளுங்கள். முதல் கேள்விக்கே "அது ரகசியம்" என்றால் பங்குகளின் மதிப்பைப் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டு சம்பளத்தை மட்டும் பாருங்கள். பூஜ்யமாக வைத்தபின்னும் அந்த வேலை உங்களுக்குப் பிடித்திருந்தால் சேரலாம்.

சேமிப்பு கையில் உள்ளவர், நல்ல மீளாய்வுப் பழக்கத்தை வேறெங்கோ கற்றுவிட்டு வருபவர், பின்னால் சொந்தமாக நிறுவனம் தொடங்க எண்ணுபவர் ஆகியோருக்குப் பொருந்தும். முதல் வேலையாக இதை நான் பரிந்துரைப்பது, குழுவில் அனுபவமுள்ள ஒருவராவது உட்கார்ந்து சொல்லித்தரச் சம்மதிக்கும்போது மட்டும்.

## உள் ஐ.டி. பிரிவு

இதை யாரும் பெருமையாகப் பேசுவதில்லை. எனக்கோ இது குறைத்து மதிக்கப்படும் தேர்வு என்றே தோன்றுகிறது. உங்கள் மென்பொருளைப் பயன்படுத்தும் கணக்கரோ செவிலியரோ இரண்டு தளம் கீழே இருக்கிறார். நீங்கள் போய் அவர் பக்கத்தில் நின்று பார்க்கலாம். மாலையில் வீட்டுக்குப் போகலாம். அந்தத் தொழிலைப் பற்றிச் சேரும் அறிவு, நிரல்மொழிகள் மாறினாலும் பழையதாகாது.

குறை என்னவென்றால், அந்த நிறுவனத்துக்கு நீங்கள் வருமானம் அல்ல, செலவு. நிதி நெருக்கடி வந்தால் முதலில் வெட்டப்படுவது சோதனைக் கருவிகளுக்கும் பயிற்சிக்கும் ஒதுக்கிய பணம். சரிபார்க்கும் இரண்டாவது கண் இல்லாமல் போவது இங்கே எளிதில் நடக்கும். பங்கு வர்த்தக நிறுவனமான நைட் கேப்பிடல் 2012 ஆகஸ்ட் 1 அன்று புதிய நிரலை எட்டு சர்வர்களில் ஏழில் மட்டும் ஏற்றியது. எட்டாவதில் கிடந்த பழைய நிரல் உயிர்பெற்று, 45 நிமிடங்களில் 44 கோடி டாலருக்கு மேல் நட்டம் ஏற்படுத்தியது. ஏற்றியவரின் வேலையை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்ற எழுதப்பட்ட நடைமுறை அங்கே இல்லை. சந்தை திறக்கும் முன்பே பிழையைச் சுட்டிக்காட்டும் 97 தானியங்கி மின்னஞ்சல்கள் ஊழியர்களுக்குப் போயிருந்தன. யாரும் அவற்றை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை என்பது பின்னர் நடந்த விசாரணையில் தெரிந்தது.

ஆகவே இங்கே சேருபவர் நிரல் ஒழுக்கத்தைத் தானே கொண்டுவர வேண்டும். அனுபவசாலிக்கு அது வாய்ப்பு: ஒருவர் வந்து ஒரு துறையின் பழக்கத்தையே மாற்றிவிட முடியும். புதியவருக்கு அது ஆபத்து.

## தனியாள் ஒப்பந்தப் பணி

மாதச் சம்பளத்தை நாட்களால் வகுத்து, வரும் எண்ணை விட நாள் கூலி இரு மடங்கு என்று மகிழ்ந்து வேலையை விடுபவர்கள் உண்டு. கணக்கைச் சற்று நீட்டிப் பாருங்கள். ஆண்டில் வார நாட்கள் 260. விடுப்பு, நோய், பண்டிகை என்று 30 நாட்கள் போகட்டும். மீதி 230-ல் வாரம் ஒரு நாள் புதிய வேலை தேடவும், விலைப்பட்டியல் அனுப்பவும், வராத பணத்தைக் கேட்கவும், வரிக் கணக்கு எழுதவும் போகும். அது 46 நாட்கள். கூலி கிடைப்பது 184 நாட்களுக்கு, அதுவும் ஒரு நாள்கூட வேலையில்லாமல் இருக்கவில்லை என்றால். காப்பீடு, ஓய்வுகாலச் சேமிப்பு, கணினி எல்லாம் உங்கள் செலவு. விலைப்பட்டியல் அனுப்பி 30 அல்லது 60 நாள் கழித்துப் பணம் தருவது பல நிறுவனங்களின் வழக்கம் என்பதால், தொடங்கும்போதே ஆறு மாதச் செலவுக்குப் பணம் வைத்திருப்பது நல்லது.

பணத்தைவிட மெதுவாகத் தெரியும் இழப்பு ஒன்று உண்டு. உங்கள் நிரலை உங்களைவிடத் தேர்ந்தவர் யாரும் படிப்பதில்லை. ஏற்கெனவே தெரிந்ததை விற்றுக்கொண்டிருப்பீர்கள். புதியதைக் கற்க யாரும் கூலி தருவதில்லை. இதைச் சமாளிக்கச் சிலர், யாரும் நிரலைப் படித்துத் திருத்தம் அனுப்பக்கூடிய திறந்த மூலத் திட்டங்களில் பங்களிக்கிறார்கள். அங்கே அந்நியர்கள் தயவுதாட்சண்யமின்றி மீளாய்வு செய்வார்கள்.

ஒரு குறிப்பிட்ட துறையில் பெயர் பெற்று, வேலை தேடாமலே வேலை வந்து சேரும் நிலையை எட்டியவருக்கு இது அருமையான வாழ்க்கை. முழுநேர வேலையில் இருந்துகொண்டே ஒப்பந்தம் அனுமதித்தால் ஒரு சிறு வேலையை முடித்துக்கொடுத்துப் பணம் கைக்கு வர எத்தனை நாள் ஆகிறது என்று பார்த்துவிட்டு இறங்குவது அறிவுடைமை.

## நேர்காணலில் எதைக் கேட்பது

"உங்கள் பண்பாடு எப்படி?" என்று கேட்டால் மனப்பாடப் பதில்தான் வரும். நடந்த நிகழ்வைக் கேளுங்கள். கடைசியாக என்ன பெரிய கோளாறு நடந்தது, அதன்பின் எது மாறியது? பதிலில் ஒரு மனிதரின் தவறு மட்டும் வருகிறதா, ஒரு நடைமுறையின் ஓட்டையும் வருகிறதா என்று கவனியுங்கள். புதிதாகச் சேர்ந்தவர் எழுதிய முதல் மாற்றம் பயனாளரிடம் போய்ச் சேர எத்தனை நாள் ஆகும்? ஒரே வாரம் என்பதற்கும் மூன்று மாதம் என்பதற்கும் நடுவே அந்த இடத்தின் முழு வரலாறும் இருக்கிறது. இரவில் கோளாறு வந்தால் யாரை எழுப்புவார்கள், அதற்குத் தனி ஊதியமோ ஈடு விடுப்போ உண்டா? சென்ற மாதம் எத்தனை முறை எழுப்பினார்கள்?

மேலாளரிடம் பேசுவதைவிட, உங்கள் மேசைக்குப் பக்கத்தில் உட்காரப்போகிறவரிடம் அரை மணி நேரம் பேச வாய்ப்புக் கேளுங்கள். அண்மையில் விலகிய ஒருவரைக் கண்டுபிடித்துப் பேச முடிந்தால் இன்னும் நல்லது. அவர் கோபத்தில் சொல்வதில் பாதியைக் கழித்துவிட்டாலும் மீதி பயன்படும்.

இத்தனையும் விசாரித்தபின் இரண்டு கடிதங்களும் சமமாகவே தோன்றினால், வெளியேறுவது எளிதாக உள்ள இடத்தைத் தேர்ந்தெடுங்கள். நோட்டீஸ் காலம் குறைவாக உள்ளது எது? பயிற்சிச் செலவைத் திருப்பித் தர வேண்டும் என்ற பத்திரம் இல்லாதது எது? உங்கள் சொந்த நேரத்தில் எழுதும் நிரலுக்கு நிறுவனம் உரிமை கோராதது எது? கையெழுத்திடும் முன் இந்த மூன்று ஷரத்துகளையும் ஒப்பந்தத்தில் தேடிப் படியுங்கள். மாற்றித் தரச் சொல்லிக் கேட்கவும் செய்யலாம். வேலைக் கடிதம் கைக்கு வந்து, நீங்கள் இன்னும் ஒப்புக்கொள்ளாத அந்தச் சில நாட்களில்தான் உங்கள் பேச்சுக்கு அங்கே அதிக எடை இருக்கும்.